குண்டுமணியும் அரைப் பவுன் தோடும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஜமுனாமரத்தூரில் இறங்கி இன்னும் உள்ளே போனால் வரும் ஒரு மலைக் கிராமம். நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். 'பழங்குடிப் பெண்களுக்கான மாற்று வாழ்வாதாரம்' என்று ஒரு திட்டம் வந்திருந்தது. சாமையும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கிற பெண்களுக்கு நகை செய்யக் கற்றுத்தரவேண்டும். சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்வதற்கில்லை. சமுதாயக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து மாதிரிகளை அடுக்கினார். குண்டுமணி மாலை. மஞ்சாடி விதைக் கம்மல். மரப்பட்டையின் வெடிப்புகளை அப்படியே பதித்த சுடுமண் பதக்கம். இலை நரம்பு ஓடும் பித்தளைத் தோடு. இயற்கையிடம் இல்லாத வடிவம் எதுவும் இல்லை, நாம் பார்த்துச் செய்தால் போதும் என்று பேசினார்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா குண்டுமணி மாலையை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இத யாருமா போட்டுக்குவாங்க?"

"மெட்ராசுல, பெங்களூர்ல இருக்கறவங்க ஆயா. நல்ல காசு குடுத்து வாங்குவாங்க."

"ஏன், அவுங்ககிட்ட பவுனு இல்லியா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. பயிற்சியாளரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் போளூர் இறங்கும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பவுன் இருப்பவர்கள் ஏன் விதையைத் தேடி வருகிறார்கள்? விதை மட்டுமே வைத்திருந்தவர்கள் ஏன் பவுனுக்காக அத்தனை பாடுபட்டார்கள்? தோழர்களே, இதற்குப் பதில் தேடிப் போனால் அழகியல் பாடத்தில் கிடைக்காது. சாதியின் வரலாற்றில்தான் கிடைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் வரலாறும் (கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது) சேரியில் பிறந்த என்னுடைய வரலாறும் ஒன்றல்ல. தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழி என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலேயே அதைப் பதிவு செய்திருக்கிறார். பழங்குடி வேறு, தலித் வேறு. எல்லாவற்றையும் 'விளிம்புநிலை' என்று ஒரே மூட்டையில் கட்டுகிற பழக்கம் சமூகவியல் வகுப்பில் எனக்கும் ஒட்டிக்கொண்டது, களத்தில்தான் உதிர்ந்தது. ஆனாலும் அந்த ஆயாவின் கேள்வி என் வீட்டுக் கேள்வியாகவும் இருந்தது.

'இயற்கையால் ஈர்க்கப்பட்ட நகை' என்பதைப் புதுக் கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். நம்முடைய நகைகளின் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு மாலை, பாம்படம், நாகவத்து, சடையில் வைக்கும் தாழம்பூ, சின்னப் பிள்ளைகளின் அரைஞாணில் தொங்கும் அரசிலை. தோடு என்ற சொல்லே பூவிதழையும் பனையோலையையும் குறிக்கும். காதில் துளையிட்டு ஓலைச் சுருளைச் செருகியதுதான் ஆதித் தோடு. பிறகு அதே சுருள் தங்கமானது. ஆடிப்பெருக்கில் ஆற்றுக்கு விடுகிற காதோலை கருகமணியைப் பார்த்திருப்பீர்கள். ஓலையில் சுருட்டிய அந்தச் சின்ன வளையம், தங்கத்துக்கு முன்பு காதில் என்ன இருந்தது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை நினைவுபடுத்திவிட்டுத் தண்ணீரில் போகிறது.

வடிவம் மட்டுமா? எடையும் காட்டிலிருந்துதான் வந்தது. 'வீட்டுல ஒரு குண்டுமணித் தங்கம் இல்ல' என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, அது வெறும் உவமை இல்லை. குண்டுமணி, ஏட்டில் குன்றிமணி, தட்டாரின் தராசில் உண்மையான எடைக்கல்லாக இருந்தது. ஏறக்குறைய ஒரே கனத்தில் விளைகிற விதை என்பதால் அது கல்லின் வேலையைச் செய்தது. 2 குன்றி சேர்ந்தால் 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. மஞ்சாடியும் விதை. கழஞ்சு என்பதும் கழற்சிக்காயின் பெயர்தான். சோழர் காலத்துப் பொன் முழுவதும் இந்த மூன்று காட்டு விதைகளின் கணக்கில் நின்றது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படித்தால் இது தெரியும். ராஜராஜனும் அவன் தமக்கையும் அரசிகளும் கோயிலுக்குக் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றும் அங்கே பட்டியலாகியிருக்கின்றன. இத்தனை முத்து, இத்தனை மாணிக்கம், இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, கடைசியில் குன்றி வரைக்கும். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நகைகளை நிறுக்கத் 'தட்சிணமேரு விடங்கன்' என்று இன்னொரு கல். உலகில் வேறெங்கும் ஒரு கோயில் நகைப் பெட்டிக்கு இவ்வளவு நுணுக்கமான கணக்கு கல்லில் கிடைக்குமா என்று வரலாற்று ஆசிரியர்கள் வியக்கிறார்கள். நானும் வியந்திருக்கிறேன்.

ஆனால் அதே கோயிலின் கல்வெட்டுகளில், தானமாக வந்த ஊர்களின் நிலத்தில் வரி நீக்கியவற்றைச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு, அவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. நகைகளைக் குன்றிமணி வரைக்கும் எண்ணிய அதே ஆட்சி, தீண்டத்தகாதவர்கள் குடியிருக்கும் இடத்தையும் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறது. 'தீண்டாமை ஆங்கிலேயர் கொண்டுவந்தது' என்று யாராவது உங்களிடம் சொன்னால், வெட்டிய உளியின் ஆயிரமாண்டுத் தடத்தைக் காட்டுங்கள்.

கம்மாணச்சேரி என்றால் கம்மாளர் குடியிருப்பு. கொல்லர், தச்சர், தட்டார் எல்லோரும் கம்மாளர் என்ற வகைக்குள் வருவார்கள். நகை செய்த கைக்கு என்ன மரியாதை இருந்தது? கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் சில உரிமைகள் வழங்கியதாகக் கரூர்க் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. கல்யாணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பறை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஒரு கைவினைஞன் காலில் செருப்புப் போட அரச ஆணை வேண்டியிருந்தது. கம்மாளர்களுக்கே இந்த நிலை என்றால், அந்தச் சேரிக்கு அடுத்த சேரியின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

கோயிலையும் பொன்னையும் பேசும்போது இந்த மலையிலேயே ஒரு செய்தி வந்தது. 2025 நவம்பரில், ஜமுனாமரத்தூர் பக்கம் கோவிலூரில் பழைய சிவன் கோயிலைத் திருப்பணிக்காகத் தோண்டியபோது மண்பானைக்குள் 103 பொற்காசுகள் கிடைத்தன. எல்லாத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். எனக்குச் சட்டென்று அந்த ஆயாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. மலையில் பவுன் இல்லாமல் இல்லை. மண்ணுக்கு அடியில், கருவறைப் பக்கத்தில், பத்திரமாக இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நொய்யல் கரையில், பச்சைக்கல்லும் நீலக்கல்லும் பளிங்கும் சூதுபவளமும் கொண்டு மணி செய்த பட்டறைகள் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பினார்கள். கீழடியில் சூதுபவள மணியும் பொன் அணிகலனும் சங்கு வளையலும் சுடுமண் மணியும் எடுத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரில் நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்கள். கல்லும் மண்ணும் சங்கும் பொன்னும் ஒரே மண்ணடுக்குகளில் வருகின்றன. அதை வைத்து அந்தக் காலம் சமத்துவப் பொன்னுலகம் என்று நான் சொல்லப்போவதில்லை. பொற்பட்டம் கட்டியவனும் சுடுமண் மணி போட்டவளும் ஒரே ஆள் அல்ல. ஆனால் 'நீ இந்தப் பொருளைத்தான் போடவேண்டும், இதைத் தொடவே கூடாது' என்று பிறப்பை வைத்து எழுதிய சட்டம் வேறு விஷயம். அதை நாம் தனியாகப் பார்க்கவேண்டும்.

அந்தச் சட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளச் சோழர் காலத்துக்குப் போகவேண்டியதில்லை. 1930 டிசம்பர், ராமநாதபுரம் மாவட்டம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பின்னால் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கிருந்த கள்ளர் சமூகத்தினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். முதல் தடையே நகைதான். பொன்னிலோ வெள்ளியிலோ நகை போடக்கூடாது. அப்புறம்தான் மற்றவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடி வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, ரவிக்கை, தாவணி கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது.

ஏழாவது தடையை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெண்கள் பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது.

பூ. மஞ்சள். வேலியோரம் தானாகப் பூக்கிற பூ, மண்ணில் விளைகிற கிழங்கு. இயற்கை எல்லோருக்கும் பொது என்று பயிற்சி வகுப்புகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏழாவது தடை ஞாபகம் வரும். தங்கத்தை விடுங்கள், தட்டார் செய்யவேண்டும், காசு வேண்டும். பூவுக்கு என்ன வேண்டும்? கை நீட்டினால் போதும். அந்தக் கையைத்தான் தடுத்தார்கள். தடையை மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. தங்க நகைக்குத் தடை அதிலும் உண்டு. பெண்கள் செம்பிலோ பித்தளையிலோ தண்ணீர் எடுக்கக்கூடாது, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதாரரின் மாடுதான் மேய்க்கவேண்டும் என்பவையும் சேர்ந்துகொண்டன. நகையும் படிப்பும் ஒரே பட்டியலில் தடைசெய்யப்பட்டதைக் கவனியுங்கள். தடை போட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

இது ராமநாதபுரத்தின் தனி வியாதி அல்ல. 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்தூர்ப் பக்கத்துப் பலாய் மக்களைப் பற்றி எழுதியிருப்பதை நம்மில் பலர் படித்திருப்போம். அங்கே ஊர் ஊராக ஆதிக்க சாதிகள் விதித்த கட்டளைகளில், சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கூடாது, பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணியக்கூடாது என்பவை இருந்தன. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வேறு மொழி, வேறு சாதிகள். பட்டியல் மட்டும் அதே பட்டியல்.

இப்போது இதன் மறுபக்கத்துக்கு வருகிறேன். தங்கம் கூடாது என்பது பாதிதான். வேறு ஏதோ ஒன்றைக் கட்டாயம் போடு என்பது மீதிப் பாதி.

திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை போடவேண்டும். கல்லும் கண்ணாடியும் கோத்த கனத்த மாலைகள். மேலுடம்பை மறைக்கத் துணி கிடையாது, மார்பின் மேல் கிடக்கும் அந்த மணிகள்தான். தூரத்திலிருந்து பார்த்தாலே யார் என்று தெரிந்து, வழியிலிருந்து விலகச் சொல்ல வசதியாக. அய்யன்காளி இதைக் கழற்றி எறியச் சொன்னார். 1915-இல் கொல்லத்துக்குப் பக்கத்துப் பெரிநாட்டில் இதற்காகக் கூடிய கூட்டத்தை ஆதிக்க சாதியினர் தாக்கினார்கள், பெரிய கலவரம் ஆனது. அந்த ஆண்டு இறுதியில் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் மேடைக்கு முன்னால் பெண்கள் வரிசையாக வந்து, கதிர் அரிவாளால் கல்லுமாலைகளை அறுத்துக் குவியலாகப் போட்டார்கள். ரவிக்கை அணிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் குவியலை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பேன். இன்று ஒரு நகைக்கடையில் அந்த மாலைகளில் ஒன்றை வைத்தால், 'பழங்குடி அழகியல், கையால் கோத்தது, இயற்கைக் கல்' என்று அட்டை தொங்கும். விலை நாலு இலக்கத்தில் இருக்கும். அறுத்துப் போட்ட பெண்ணுக்கு அது அழகியல் இல்லை, கழுத்தில் தொங்கிய சாதிச் சான்றிதழ்.

கேரளத்திலேயே அதற்கு முன்னால் மூக்குத்திக்கும் ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. பந்தளம் பகுதியில் ஒடுக்கப்பட்ட பெண்கள் பொன் மூக்குத்தி போடக்கூடாது என்றிருந்தபோது, ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கர் கை நிறைய மூக்குத்தி செய்துகொண்டு போய் அவர்களுக்குக் கொடுத்துப் போட வைத்தார். ஒரு கடுகளவு பொன்னுக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். மூக்கில் இருப்பதால் அது முகத்தில் தெரியும். அதுதான் பிரச்சினையே.

1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த பிறகு, அம்பேத்கர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். சேலையை எப்படிக் கட்டவேண்டும் என்பதில் தொடங்கி நகைக்கு வந்தார். கழுத்து நிறைய அடுக்கிய மாலைகளும் முழங்கை வரை ஏறிய வளைகளும் உங்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள், அவற்றை விட்டுவிடுங்கள், நகை போட்டே ஆகவேண்டும் என்றால் தங்கம் போடுங்கள், முடியாவிட்டால் எதுவும் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம். முதுகலையில் இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நெருடியது. 'பண்பாட்டைத் துறக்கச் சொல்கிறாரே' என்று வகுப்பில் கேட்டேன். இன்றும் பல இளம் தோழர்கள் அப்படிக் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொன்னது பேராசிரியர் இல்லை, என் பாட்டி.

போளூர்ப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள் நான். பாட்டி காதில் பல வருடம் துடைப்பக்குச்சி தான் இருந்தது. துளை தூர்ந்துவிடக்கூடாது என்று வேப்பங்குச்சியும் துடைப்பக்குச்சியும் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வாளாம். பயிற்சியாளர் மொழியில் சொன்னால் அதுவும் இயற்கை நகைதான். கரும்பு வெட்டப் போய், சீட்டுக் கட்டி, அரைப் பவுனில் ஒரு தோடு வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு அறுப்புக்குப் போன முதல் நாள் நிலக்காரர் பார்த்துவிட்டு, "இன்னாடி, காது மினுக்குது" என்று கேட்டாராம். பாட்டி முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். மறுநாள் முந்தானையை மூடவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மறுநாளைத்தான் பாட்டி அழுத்திச் சொல்வாள். அந்தத் தோடு அப்புறம் என் அம்மாவின் பிரசவத்துக்கு அடகுக்குப் போனது, மீண்டது, என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது, மீண்டது. இப்போது என் காதில் இருக்கிறது.

தங்க மோகம், வரதட்சணை, நகைக்கடை விளம்பரம் எல்லாவற்றையும் நானும் எதிர்க்கிறேன். ஆனால் பட்டா இல்லாத, வங்கி கடன் தராத ஒரு வீட்டில் அரைப் பவுன் என்பது என்ன என்று தெரியாமல் எதிர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆதிக்க சாதிகளுக்கு அது நன்றாகத் தெரியும். 2012 நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி குடியிருப்புகளைக் கொளுத்தினார்களே, அங்கே பீரோக்களை உடைத்து நகைகளை எடுத்துக்கொண்டுதான் தீ வைத்தார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்ச் சேர்த்த நகைகள். ராமநாதபுரத்தின் முதல் தடையை அங்கே யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே நிறைவேற்றினார்கள்.

மறுபடி மலைக்கு வருவோம். விதை நகைக்கு விதை வேண்டும். விதை காட்டில் இருக்கிறது. காடு யாருடையது?

1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபிறகு, ஒதுக்குக் காட்டுக்குள் போய் ஒன்றை எடுப்பது குற்றம் ஆனது. அதுவரை கேட்காமல் பொறுக்கிய நெல்லிக்கும் கடுக்காய்க்கும் அனுமதி வேண்டியிருந்தது. சந்தன மரத்துக்குப் பேர்போன இந்த மலையில் அது என்ன பாடு படுத்தியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2006 வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்று எழுதியது. அதாவது ஜவ்வாது மலையின் மஞ்சாடி விதை சட்டப்படி அந்தப் பெண்களுடையது. அதை வைத்து ஒரு திட்டம் போடும்போது முதல் பக்கத்தில் இது இருக்கவேண்டும். எங்கள் திட்ட அறிக்கையில் 'மூலப்பொருள் இலவசம்' என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

காட்டின் அழகான பொருள் யார் கழுத்தில் முடிகிறது, யார் உயிரில் தொடங்குகிறது என்பதற்கு இந்த மலைக்குக் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர அதிரடிப் படை 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்த மரம் கப்பலேறிக் கிழக்கு ஆசியாவில் மரச்சாமானாகவும் இசைக்கருவியாகவும் மணிமாலையாகவும் மாறுகிறது. அதன் ரேகை ஓட்டத்தை மெச்சி எழுதுகிறவர்களும் உண்டு.

குண்டுமணிக்கும் ஒரு கதை உண்டு. அது கடும் விஷம். ஓடு உடையாதவரை ஆபத்து குறைவு. ஆனால் மாலை கோக்க வேண்டுமென்றால் துளை போடவேண்டும், துளை போட்டால் தூள் பறக்கும். 2011-இல் இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் என்ற புகழ்பெற்ற தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற குண்டுமணிக் கைவளைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாங்கியவர்களின் பாதுகாப்புக்காக எச்சரிக்கை விட்டார்கள், சரிதான். அவை செய்யப்பட்டது பெருவில். அங்கே உட்கார்ந்து அத்தனை விதைக்கும் துளை போட்டவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பது செய்தி ஆகவில்லை. எங்கள் பயிற்சியில் முகக்கவசம் கிடையாது. இதைப் படித்துவிட்டு நான் தலைமைக்கு எழுதினேன், குண்டுமணியைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள். மஞ்சாடி மட்டும் தொடர்ந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் பாசிமணி கோத்து விற்றுப் பிழைக்கும் சமூகம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நரிக்குறவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாகி, மணிமாலைதான் பிழைப்பு என்றானது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் தரையில் துணி விரித்து விற்பவர்களிடம் ஐம்பது ரூபாய் மாலையை இருபதுக்குக் கேட்பார்கள் பக்தர்கள். அதே மாதிரி மாலை குளிரூட்டிய கடையில் இருந்தால் பேரம் கிடையாது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். 2025-இல் மிலான் நகர மேடையில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே ஒன்றைக் காட்டி, பெயர் சொல்லாமல் விட்டு, எதிர்ப்பு வந்தபிறகு ஒப்புக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? நாடே கொதித்தது. அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்தது தலித் கைகள் என்பதைக் கொதித்தவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்?

எங்கள் திட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது மாதம் பெண்கள் கணக்குக் கேட்டார்கள். ஒரு ஜோடிக் கம்மலுக்கு எங்களுக்கு எவ்வளவு, கடையில் எவ்வளவு, நடுவில் இருப்பது யாருக்கு? அட்டையில் என்ன எழுதுவீர்கள், எங்கள் ஊர்ப் பெயர் இருக்குமா? பயிற்சியாளர் நேர்மையாகச் சொன்னார். கூலி நாற்பது, விலை நானூறு, ஊர்ப் பெயர் பற்றிக் கடைக்காரர்தான் முடிவு செய்யவேண்டும். பெண்கள் சண்டை போடவில்லை. சாமை அறுப்பு வந்துவிட்டது என்றார்கள், வரவில்லை. மூன்று பேர் மட்டும் தங்களுக்குப் பிடித்த மாதிரி செய்து, கோடை விழா சமயத்தில் தாங்களே கடை போட்டு விற்றார்கள். விலையும் அவர்களே வைத்தார்கள். ஊர்ப் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

நான் வேலையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு அந்த ஆயாவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என் காதைப் பார்த்து, "அது இன்னாமா, பவுனா?" என்றார். பாட்டியுடையது, அரைப் பவுன் என்றேன். கையைத் தோட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"எத்தினி குண்டுமணி இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. போனில் கணக்குப் போட்டேன். அரைப் பவுன் 4 கிராம், ஒரு குண்டுமணி ஏறக்குறைய 0.12 கிராம். "முப்பத்து மூணு இருக்கும் ஆயா."

அவர் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து முறத்தில் கொட்டினார். பயிற்சியில் மிச்சமான சிவப்பு விதைகள். விரலால் தள்ளித் தள்ளி முப்பத்து மூன்றை எண்ணித் தனியாக வைத்தார். ஒரு கைப்பிடி கூட இல்லை.

"இம்மாந்தானா?" என்று கேட்டுவிட்டு, திரும்ப ஒருமுறை எண்ண ஆரம்பித்தார்.